கூகுள் வால்ட்: அழித்த மெயில் எங்களுக்கு எதிராகவே சாட்சி சொன்ன கதை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். விசிட்டிங் கார்டில் ஐ.டி. மேனேஜர் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கேன்டீன் பக்கத்து சிசிடிவி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் 46 மெயில் கணக்குகள், எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில், அதாவது கம்பெனிகளுக்குக் கூகுள் மாதக் கட்டணத்தில் தருகிற மெயில், டிரைவ் சேவையில். அதோடு வருகிற வால்ட் என்ற சமாச்சாரத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம். மூன்று வருடமாகக் கையில் இருக்கிறது, அதில் முதல் ஒன்றரை வருடம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

வால்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கம்பெனி மெயில், டிரைவ், சாட் எல்லாவற்றையும் இத்தனை நாள் வைத்திரு என்று விதி போடலாம், ஒரு வழக்கு அல்லது விசாரணை வந்தால் சம்பந்தப்பட்ட ஆட்களின் மெயிலை யாரும் அழித்தாலும் அழியாதபடி பிடித்து வைக்கலாம் (இதற்குப் பெயர் ஹோல்ட்), தேடலாம், வெளியே எடுத்து வக்கீல் கையில் கொடுக்கலாம். அவ்வளவுதான் வேலை. 2012-ல் வந்தது, அப்போது ஆளுக்கு மாதம் 5 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். இப்போது பிசினஸ் பிளஸ், அதற்கு மேலுள்ள எண்டர்பிரைஸ் திட்டங்களில் உள்ளேயே இருக்கிறது. கீழே இருக்கிற பிசினஸ் ஸ்டார்ட்டர், பிசினஸ் ஸ்டாண்டர்டு எடுத்தவர்களுக்கு அந்த விலையில் கிடையாது. நம் ஊரில் பெரும்பாலான கம்பெனிகள் இருப்பது அந்த இரண்டில்தான், எங்கே விலை குறைவோ அங்கே. எங்கள் முதலாளியும் அதே கட்சிதான். நாங்கள் பிளஸ் எடுத்தது வால்ட்டுக்காக அல்ல, டிசைன் செக்‌ஷனில் டிரைவ் இடம் போதவில்லை என்பதற்காக.

சரி, எதற்காக வால்ட்டுக்குள் தேட இறங்கினேன் என்ற கதைக்கு வருகிறேன்.

2024 அக்டோபர் நடுவில் ஒரு நாள் காலையில் அக்கவுன்ட்ஸிலிருந்து போன். அமெரிக்க பையர் ஒருவரிடமிருந்து வர வேண்டிய பணம், 42,000 டாலர், இன்னும் வரவில்லை, கேட்டால் செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். எந்த பேங்க் என்று கேட்டால் நாங்கள் கேள்விப்படாத ஒரு பேங்க், எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாடு. "உங்க மெர்ச்சண்டைசர்தான் பேங்க் மாத்தியாச்சுன்னு மெயில் போட்டாங்க" என்கிறார்கள். மெர்ச்சண்டைசர் என்றால் பையரோடு ஆர்டர் விஷயமெல்லாம் பேசுகிற ஆள். கூப்பிட்டுக் கேட்டால் அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. நான் அப்படி ஒரு மெயிலே போடவில்லை அண்ணா என்கிறது.

பையர் அந்த மெயிலை அப்படியே அனுப்பி வைத்தார்கள். பார்த்த உடனே புரியவில்லை. பெயர் சரி, கையெழுத்துப் பகுதி சரி, லோகோ சரி, கீழே போன மாதம் லேப் டிப் (சாயமேற்றிய துணி மாதிரி) அப்ரூவல் பற்றிப் பேசிய பழைய மெயில்கள் அத்தனையும் வரிசையாகத் தொங்குகின்றன. டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவதை, எழுத்து எழுத்தாகப் படித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் கம்பெனிப் பெயரில் ஓர் 'எம்' வரும். அங்கே 'ஆர்', 'என்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சின்ன எழுத்தில், போன் ஸ்கிரீனில், சத்தியமாக வித்தியாசமே தெரியாது. நானே மூன்று தடவை பார்த்தேன்.

இதில் ஒரு விஷயம், பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது. மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சோதிக்க உதவுகிற எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் போட்டுவிட்டால் போலி மெயில் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் எங்கள் டொமைனுக்கு மூன்றையும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். அந்தத் திருட்டு மெயிலின் ஹெட்டரை (அது வந்த வழியைச் சொல்லும் மறைவான குறிப்புகளை) பிரித்துப் பார்த்தால் அங்கேயும் மூன்றும் பாஸ். ஏன் பாஸ் ஆகாது? அந்தத் திருட்டு டொமைனை அவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், அதற்கு முறைப்படி ரெக்கார்டுகளும் போட்டிருக்கிறான். இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று அவை உறுதி சொல்லும், டொமைன்காரன் யோக்கியனா என்று சொல்லாது. எங்கள் டொமைன் பெயரையே போட்டு யாரும் அனுப்ப முடியாது, அது நிஜமான பாதுகாப்புதான், ஆனால் பக்கத்து வீட்டுக்கு எங்கள் வீட்டு நம்பர் மாதிரியே ஒரு நம்பர் எழுதி ஒட்டினால் எங்கள் பூட்டு என்ன செய்யும்.

இப்படி ஏமாறுவது சின்ன கம்பெனிகள்தான் என்று நினைத்தால், கூகுளும் ஃபேஸ்புக்குமே ஏமாந்திருக்கின்றன. 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் என்ற சப்ளையர் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி இரண்டு கம்பெனிகளிடமிருந்தும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருக்கிறார். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் 5 வருட சிறைத் தண்டனை. இதை முதலாளியிடம் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று. "அவங்களுக்கு அது டீ செலவு தம்பி" என்று முடித்துவிட்டார்.

இங்கேதான் வால்ட். பழைய மெயில் தொடர் முழுவதும் திருட்டு மெயிலின் கீழே தொங்குகிறது என்றால் எவனோ ஒருவன் அதைப் படித்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் படித்தானா, பையர் பக்கத்தில் படித்தானா என்பதுதான் 42,000 டாலர் கேள்வி. பையர் பக்கம்தான் ஓட்டை என்று நிரூபித்தால் அவர்கள் மறுபடியும் பணம் தர வேண்டும். முதலாளிக்கு அதில் சந்தேகமே இல்லை, அவங்க சிஸ்டம்தான் போயிருக்கும் என்று அடித்துச் சொன்னார். மெர்ச்சண்டைசரின் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. ட்ராஷும் காலி.

வால்ட்டில் ஒரு 'மேட்டர்' தொடங்க வேண்டும். மேட்டர் என்றால் வழக்குக் கட்டு மாதிரி, அதற்குள்தான் தேடல், பிடித்து வைத்தல், ஏற்றுமதி (மெயில்களை ஃபைலாக வெளியே எடுப்பது) எல்லாம். அந்தப் பிள்ளையின் கணக்கு, பையரின் டொமைன், செப்டம்பர் 1 முதல் 15 வரை, 'பேங்க்' என்ற சொல். முதல் தடவை போட்டபோது 11 மெயில் வந்தது. அப்புறம்தான் நேர மண்டலத்தைக் கவனித்தேன். தேதி வைத்துத் தேடும்போது எந்த நேர மண்டலம் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் அதைத் தொடவே இல்லை. நம் நேரத்துக்கும் ஜி.எம்.டி.க்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம், அமெரிக்காக்காரன் மெயில் நமக்கு நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு வரும், ஓரத்தில் இருக்கிற மெயில் எல்லாம் ஒரு நாள் முன்னே பின்னே விழுந்துவிடும். இந்திய நேரத்துக்கு மாற்றி மறுபடி தேடினேன். 13.

அந்த 13-ல் இரண்டு மெயில்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

செப்டம்பர் 4: பையரின் அக்கவுன்ட்ஸ் ஆள் எங்கள் நிஜ முகவரிக்கே எழுதியிருக்கிறார், உங்கள் பேங்க் விவரம் மாறியதாக மெயில் வந்தது, உறுதிப்படுத்துங்கள் என்று. செப்டம்பர் 6: மறுபடியும் நினைவூட்டல், பதில் வராவிட்டால் புதிய கணக்குக்கே அனுப்பிவிடுவோம் என்று. இரண்டும் எங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டும் ட்ராஷுக்குப் போய், அங்கிருந்தும் நிரந்தரமாக அழிக்கப்பட்டிருக்கின்றன. அட்மின் கன்சோல் பதிவுகளைப் பார்த்தபோது அந்தப் பிள்ளையின் கணக்கில் எங்கிருந்தோ லாகின், அதற்கு அடுத்து ஒரு ஃபில்டர்: பையர் டொமைனிலிருந்து 'பேங்க்' என்ற சொல்லோடு வருவதை நேராக அழித்துவிடு. கடவுச்சொல் எங்கோ வேறொரு தளத்திலும் போட்டிருந்த அதே கடவுச்சொல், இரண்டு கட்டச் சரிபார்ப்பு கிடையாது. அதை எல்லாருக்கும் கட்டாயமாக்காமல் விட்டது நான். மெர்ச்சண்டைசிங் பிள்ளைகள் போன் மாற்றும்போதெல்லாம் உள்ளே போக முடியாமல் என்னிடம் வந்து நிற்பார்கள் என்று தள்ளிப்போட்டேன்.

ஆக, ஓட்டை எங்கள் பக்கம். வால்ட் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்களுக்கு எதிரான சாட்சி.

வால்ட் இல்லாமல் இருந்தால் இது கிடைத்திருக்காது. ஜிமெயிலில் ட்ராஷில் போட்டது 30 நாளில் போய்விடும். ட்ராஷையும் காலி செய்துவிட்டால் அட்மின் நினைத்தால் 25 நாளுக்குள் மீட்கலாம், அதற்குப் பிறகு முடியாது. நாங்கள் பார்த்தது ஐந்து வாரம் கழித்து. கிடைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அந்த வருட ஏப்ரலில், ஆடிட்டர் ஏதோ கேட்டார் என்று, வால்ட்டில் முதல்முறையாக ஒரு விதி போட்டிருந்தேன், எல்லா மெயிலும் 8 வருடம் இருக்கட்டும் என்று. ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் வால்ட் இருந்தும் இருக்காது. பலர் ஏமாறுகிற இடம் இதுதான். பிளஸ் திட்டம் வாங்கிவிட்டால் வால்ட் தானாக எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். விதி போடாத வரை அது ஒன்றையும் காப்பாற்றாது, ஆள் அழித்தால் அழிந்ததுதான். இன்று விதி போட்டால் நேற்று போனது திரும்பி வராது.

அந்த விதி போடுகிற பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளிலேயே ஆபத்தான இடம் அது. 1 நாளிலிருந்து 36,500 நாள் வரை எண் போடலாம், அல்லது காலவரையில்லாமல் என்று விடலாம். எண் போட்டால், அந்த நாள் முடிந்ததும் என்ன செய்ய என்று கேட்கும். ஒன்று, ஆட்கள் ஏற்கெனவே நிரந்தரமாக அழித்தவற்றை மட்டும் துடைத்துவிடு. இன்னொன்று, பெட்டியில் உயிரோடு இருப்பவை உட்பட எல்லாவற்றையும் துடைத்துவிடு. இரண்டு ரேடியோ பட்டன், பக்கத்தில் பக்கத்தில். கரூரில் எனக்குத் தெரிந்த ஒருவர், வீட்டு ஜவுளி கம்பெனி, 365 நாள் என்று போட்டு இரண்டாவதை அழுத்திவிட்டார். "ஒரு வருசம் பத்திரமா இருக்கட்டும்னு நினைச்சேன்ங்க" என்றார். ஒரு வருடத்துக்கு முந்தைய மெயில் அத்தனையும், முதலாளி பெட்டி உட்பட, போய்விட்டது. மீட்க வழியே கிடையாது. எச்சரிக்கை காட்டும், கட்டம் டிக் செய்யச் சொல்லும், எல்லாம் உண்டு. ஆனால் நம்மில் யார் எச்சரிக்கையைப் படித்துவிட்டு டிக் செய்கிறோம். முதலில் இரண்டு பேர் இருக்கிற ஒரு சின்னப் பிரிவுக்கு மட்டும் விதி போட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விரியுங்கள்.

இன்னொன்று, வால்ட் பேக்கப் அல்ல. கூகுளே அதைச் சொல்கிறது. ஒருவரின் மெயில் பெட்டி நாசமானால் வால்ட்டிலிருந்து ஒரே க்ளிக்கில் பழையபடி நிரப்ப முடியாது, ஃபைலாக எடுத்து வைத்துக்கொண்டு நாம்தான் ஏற்ற வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழித்தால் வால்ட்டில் இருந்ததும் சேர்ந்து போகும், 20 நாளுக்குள் அந்தக் கணக்கை மீட்டால் உண்டு. லைசென்ஸ் மிச்சம் பிடிக்கலாம் என்று, போனவர்களின் கணக்கை மாதக் கடைசியில் வரிசையாக அழித்துக்கொண்டிருந்தேன் முன்பெல்லாம். இப்போது ஆர்க்கைவ்டு யூசர் என்ற மலிவான லைசென்ஸுக்கு மாற்றி வைக்கிறேன்.

கதைக்குத் திரும்புவோம். பையரின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. இந்த ஆர்டர் சம்பந்தமான மெயில், சாட், போன் மெசேஜ், ஃபைல் எதையும் அழிக்காதீர்கள் என்று மூன்று பக்கம். அமெரிக்காவில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே வழக்கு வரும் என்று தெரிந்த நொடியிலிருந்து ஆதாரத்தைக் காக்கும் கடமை தொடங்கிவிடுகிறது. யு.பி.எஸ். என்ற சுவிஸ் பேங்கின் அமெரிக்க அலுவலகத்தில் வேலை பார்த்த லாரா ஸுபுலேக் பாலினப் பாகுபாடு என்று போட்ட வழக்கில், வேண்டிய மெயில்களை ஆட்கள் அழித்திருந்தார்கள். நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் 2003, 2004-ல் வரிசையாகக் கொடுத்த உத்தரவுகளைத்தான் இந்தத் துறைக்காரர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். 2005-ல் ஜூரி கொடுக்கச் சொன்ன தொகை 2.9 கோடி டாலருக்கு மேல். 2006-ல் அவர்களுடைய சிவில் நடைமுறை விதிகளிலேயே மின்னணு ஆவணங்கள் தனியாக ஏறின. 2015-ல் திருத்திய 37(இ) விதிப்படி, எதிராளிக்குக் கிடைக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு அழித்ததாகத் தெரிந்தால், அழிந்தது உனக்குப் பாதகமானதுதான் என்று ஜூரி எடுத்துக்கொள்ளலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வால்ட்டை விற்கிற கூகுளே இந்தக் குட்டு வாங்கியிருக்கிறது. எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி கூகுள் மேல் போட்ட வழக்கில், கூகுள் ஊழியர்களின் தனிப்பட்ட சாட் 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி இருந்ததையும், வழக்கு நடக்கும்போதும் எதைக் காப்பது என்பதை ஒவ்வோர் ஊழியரின் விருப்பத்துக்கே விட்டதையும் 2023 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ கடுமையாகச் சாடினார். இதே அமைப்புதான் நம் கூகுள் சாட்டிலும் இருக்கிறது, ஹிஸ்டரி ஆன், ஆஃப் என்று. நீங்கள் அட்மினாக இருந்தால் போய் ஹிஸ்டரியை எப்போதும் ஆன் என்று வைத்து, ஊழியர் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள். கடைக்காரரே தன் கடைப் பூட்டைப் போடாமல் போனார் என்பதற்காக பூட்டு மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிரிப்பு வராமல் இல்லை.

கடிதம் வந்த அன்று மாலை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஏன் தம்பி, அந்த ரெண்டு மெயிலு... அதை வால்ட்டுல இருந்தும் எடுத்துட முடியுமா?"

அந்தக் கேள்விக்கு நான் பெரிய யோக்கியன் மாதிரி பதில் சொல்லவில்லை. பயத்தில்தான் சொன்னேன். "அண்ணா, நான் தேடினது, திறந்து பார்த்தது எல்லாமே அதுல பதிவாகியிருக்குதுங்க. அந்தப் பதிவை நானும் அழிக்க முடியாது. அழிச்சாலும் அவங்க கிட்ட அனுப்பின காப்பி இருக்குதே" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சரி என்றார். கோயம்புத்தூர் வக்கீல் அம்மாவுக்கு போன் போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஹோல்ட் போட்டீங்களா?" போட்டேன். மெர்ச்சண்டைசர், அவருடைய மேனேஜர், அக்கவுன்ட்ஸ் இரண்டு பேர், முதலாளி. ஹோல்ட் போட்டுவிட்டால் மற்ற எந்த விதியும் அதன் முன் செல்லாது. ஆட்கள் தங்கள் பெட்டியில் அழிக்கலாம், அவர்கள் கண்ணுக்கு அழிந்த மாதிரியே இருக்கும், உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும். ஹோல்டில் இருப்பது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பதிவு விஷயம் வால்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தச் சொல்லைத் தேடினாய், எந்த மெயிலைத் திறந்தாய், எப்போது ஏற்றுமதி செய்தாய், எல்லாம் ஆடிட்டில் இருக்கும். ஏனென்றால் இந்தப் பெட்டிக்குள் நுழைந்தவன் 46 பேரின் மெயிலையும் அவர்களுக்குத் தெரியாமல் படிக்கலாம். எனக்கு அந்த ஆசை வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதைக்கு அப்புறம் ஒரு தடவை வேறொரு மேனேஜர் வந்து, "அந்தப் பையன் வேற கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்புறானான்னு பாருங்களேன்" என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். ஆடிட் பக்கத்தைத் திறந்து காட்டினேன், உங்கள் பெயரையும் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். வால்ட் உரிமையைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியும், தேட ஒருவர், ஏற்றுமதி செய்ய ஒருவர், விதி போட ஒருவர் என்று. எங்களைப் போன்ற இடத்தில் எல்லாம் ஒரே ஆள்தான், அதுவே ஒரு பலவீனம்.

ஏற்றுமதி. எம்பாக்ஸ் அல்லது பி.எஸ்.டி., மெயில்களைக் கட்டி வைக்கும் இந்த இரண்டு ஃபைல் வகைகளில் ஒன்றாகக் கிடைக்கும். வக்கீல் ஆபீஸில் அவுட்லுக் என்பதால் பி.எஸ்.டி. கூடவே மெயில்களின் விவரங்கள் அடங்கிய எக்ஸ்.எம்.எல்., எத்தனை கிடைத்தது என்ற கணக்கு, எது எடுபடவில்லை என்ற பிழைப் பட்டியல், அப்புறம் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்.டி.5 ஹாஷ், அதாவது ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு. கடைசியாகச் சொன்னதை முதலில் நான் குப்பை என்று நினைத்து டெலிட் செய்தேன். வக்கீல் அம்மா போனில் திட்டினார். நம் ஊர் கோர்ட்டில் மின்னணு ஆதாரம் கொடுக்க முன்பு சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ், அது வேண்டுமா வேண்டாமா என்று பல வருட இழுபறி, 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்று உறுதியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவாக மாறிவிட்டது. சான்றிதழ் படிவத்தில் இரண்டு பகுதி, ஒன்று நாம் நிரப்ப, இன்னொன்று நிபுணர் நிரப்ப, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது, எந்த முறை என்று டிக் செய்ய எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 என்று கட்டங்களும். எம்.டி.5 பழசு என்பதால் விண்டோஸிலேயே இருக்கிற செர்ட்யூட்டில் கட்டளை வைத்து எஸ்.எச்.ஏ.256-ம் எடுத்து ஒரு தாளில் எழுதி, தேதி, நேரம் போட்டு, பக்கத்தில் இருந்த அக்கவுன்டன்டிடம் கையெழுத்தும் வாங்கி வைத்தேன். 64 எழுத்தைக் கையால் எழுதியதில் இரண்டு இடத்தில் தப்பு, மறுபடி பிரிண்ட் எடுத்தேன்.

ஒரு எரிச்சல்: ஏற்றுமதி செய்த ஃபைல் 15 நாள்தான் அங்கே இருக்கும், அப்புறம் போய்விடும். வக்கீல் கேட்கும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று தீபாவளி லீவில் விட்டுவிட்டேன், திரும்பி வந்தால் காலி. மறுபடி ஏற்றுமதி, மறுபடி ஹாஷ், மறுபடி கையெழுத்து. தேடல் மேட்டருக்குள் சேமித்து இருந்ததால் பெரிய வேலை இல்லை, ஆனால் கையெழுத்து வாங்கிய அந்தத் தாள் வீணாகிவிட்டது.

தேடல் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், ஜிமெயிலில் தேடிப் பழகியவர்களுக்குச் சிரமமே இல்லை. இணைப்புகளுக்குள்ளும் தேடும். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலுக்குள் எந்த மென்பொருளாலும் பார்க்க முடியாது, இதனாலும் முடியாது. இப்படி உள்ளே படிக்க முடியாமல் போனவற்றை மட்டும் தனியாகத் தேட ஒரு வழி இருக்கிறது, அதைக் கட்டாயம் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், முக்கியமான பேக்கிங் லிஸ்ட் அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் எடுத்த மெயில்களை வரிசையாகப் படித்து, இது சம்பந்தம், இது சம்பந்தமில்லை, இது வக்கீலோடு பேசிய ரகசியம் என்று குறி போடுவது, ஒரே மெயில் ஐந்து பெட்டியில் இருந்தால் ஒன்றாக்குவது, பெயரை மறைப்பது, இதெல்லாம் வால்ட்டில் இல்லை. அதற்கு ரிலேட்டிவிட்டி, எவர்லா மாதிரி வழக்கு ஆவணங்களை அலசுகிற மென்பொருள்கள் இருக்கின்றன, அது வேறு உலகம், வேறு விலை. எங்களுக்கு 600 சொச்சம் மெயில், எக்செல் ஷீட்டில் வரிசை எண் போட்டு நானும் வக்கீல் அம்மாவின் ஜூனியரும் இரண்டு நாளில் முடித்தோம். ஆறு லட்சம் மெயில் என்றால் எக்செல் கனவு காணாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு இதே வேலைக்கு பர்வ்யூ இருக்கிறது, லிட்டிகேஷன் ஹோல்ட் வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 2, இல்லையென்றால் பிளான் 1-ஓடு ஆர்க்கைவிங் சேர்த்து வேண்டும். அங்கேயும் அழித்த மெயில் இயல்பாக 14 நாள்தான், நீட்டினால் 30.

வால்ட் தொடவே முடியாத இடம் ஒன்று உண்டு, அது திருப்பூரின் உயிர்நாடி. வாட்ஸாப். சாம்பிள் அப்ரூவல், ஷேடு சரியா என்ற போட்டோ, ஷிப்மென்ட் இரண்டு நாள் தள்ளிப்போகலாமா என்ற வாய்ஸ் நோட், பாதி வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. அந்த மூன்று பக்கக் கடிதத்தில் போன் மெசேஜ் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். டிஸப்பியரிங் மெசேஜ் ஆன் செய்து வைத்திருந்தவர்கள் மூன்று பேர், அன்றே ஆஃப் செய்தோம். மற்றதை ஒவ்வொரு சாட்டாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போட்டோம். அழகான வேலை அல்ல.

பாதுகாப்புக்காக வால்ட் வாங்காதீர்கள். திருடன் உள்ளே வந்ததை அது சொல்லாது, தடுக்காது. அதற்கு அட்மின் கன்சோலில் செய்ய வேண்டியது வேறு. இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவது, ஊழியர்கள் வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்வதை நிறுத்துவது, தேவையில்லாதவர்களுக்கு ஐமேப், பாப் (வேறு மென்பொருள் வழியாக மெயிலை இழுக்கும் வழிகள்) மூடுவது. மூன்றும் சேர்த்து ஒரு மணி நேர வேலை, அதைத்தான் ஒன்றரை வருடம் செய்யாமல் இருந்தேன். பேங்க் மாற்றம் என்று மெயில் வந்தால் பழைய நம்பருக்கு போன் போட்டுப் பேசாமல் மாற்றக்கூடாது என்று பையர்கள் எல்லாருக்கும் இப்போது இன்வாய்ஸின் அடியிலேயே அச்சடித்து அனுப்புகிறோம். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையமான ஐ.சி.3-க்கு இந்த வகை மெயில் மோசடியில் 2023-ல் மட்டும் 290 கோடி டாலர் போனதாகப் புகார்கள் வந்திருக்கின்றன, எங்களுடையது அதில் ஒரு நூல் இழை. அப்புறம், 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்தை நாங்கள் யார் மேல் தப்பு என்று கத்திக்கொண்டே கழித்தோம், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போட்டதே மறுநாள்தான்.

பணம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அந்த இரண்டு மெயிலையும் நாங்களே எடுத்துக் கொடுத்தோம். எங்கள் வக்கீல் சொன்னது, அவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை நாம் மறைத்தால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். கொடுத்ததில் ஒரு நன்மை, பதில் வராமலே புதிய கணக்குக்குப் பணம் அனுப்பியது அவர்கள் என்பதும் அதே மெயிலில் தெரிந்தது. கடைசியில் இழப்பை இரண்டு பேரும் பங்கு போட்டோம், எங்கள் பங்கு பெரியது. கோர்ட்டுக்குப் போகவில்லை. அந்த பையர் இன்னமும் ஆர்டர் தருகிறார்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு மூன்றரை. செய்வதாகச் சொன்னதைச் செய்கிறது, அரை மதிப்பெண் அந்த ஆடிட் பதிவுக்காகவே கூடுதல். அந்த இரண்டு ரேடியோ பட்டனுக்கும் 15 நாளுக்கும் குறைத்திருக்கிறேன்.

அந்த மேட்டர் இன்னும் திறந்தேதான் இருக்கிறது, வக்கீல் அம்மா சொல்லும் வரை ஹோல்டை எடுக்கப் போவதில்லை. மெர்ச்சண்டைசர் பிள்ளை கல்யாணமாகி ஈரோடு போய்விட்டது, கணக்கு மட்டும் ஆர்க்கைவில் இருக்கிறது. மாதா மாதம் பில் வரும்போது முதலாளி அந்த வரியில் விரலை வைத்து நிறுத்துவார். "அந்தப் பிள்ளை போயி இத்தனை மாசமாச்சு, இன்னும் எதுக்கு தம்பி நாம சம்பளம் குடுத்துட்டிருக்கோம்?"